நாலு வயது ஜோடி

சித்திரை பிறந்த பதினோராம் நாள், பச்சையம்மாவின் மகன் லோகேஷ், கலீல் பாய் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து போகிற வழியிலேயே ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குப் போய்ச் சேர்ந்தான். பஜார் தெரு முனையில் ஒரு பால்பல் விழுந்தது, மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது இன்னொன்று விழுந்தது, தண்ணீர் டேங்க் பக்கம் வருவதற்குள் அரைக்கால் சட்டை தொடைக்கு ஏறிவிட்டது, புது ஷூவின் முனையில் அவன் அம்மா திணித்து வைத்திருந்த பஞ்சு குதிகால் வழியாகப் பிதுங்கி ரோட்டில் விழுந்து காற்றில் போயிற்று. வாசலில் அவன் வந்து நின்றபோது பச்சையம்மா குனிந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். துளி இடம் இல்லை.

"தோ பாரு, கரெக்டா பூந்துச்சி," என்றாள். அப்புறம் அவன் அரைக்கால் சட்டையைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறெரிந்தது. "பொங்கலுக்கு எடுத்தது. அதையும் பெரிசா எடுத்திருக்கணும்."

ஆலமேட்டில் நாங்கள் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் எந்தக் காலத்திலும் அளவான பொருளை யாரும் வாங்கியதில்லை. பள்ளிக்கூடச் சட்டை முழங்கால் வரை தொங்கும், பாவாடையில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்து வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்போம், செருப்பென்றால் முனையில் பஞ்சு, பஞ்சு இல்லாவிட்டால் பழைய பேப்பர், கடைக்காரர் சரியான அளவை எடுத்து வைத்துவிட்டால் எங்களை ஏமாற்ற வந்த ஆளைப்போல அவரை ஏற இறங்கப் பார்த்து, "வளர்ற புள்ள பாய், ரெண்டு சைஸ் பெரிசா குடு" என்போம். பொருள் பெரிதாக இருந்தால் பிள்ளை அதற்குள் வளர்ந்து நிரம்பிவிடும் என்பது எங்கள் கணக்கு. இந்த வருஷம் அது கொஞ்சம் சீக்கிரமாக நடந்தது, அவ்வளவுதான்.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைவே ஓரத்துக் கம்பெனியில் அதைத் தைக்கிறவர்களே நாங்கள்தான். கன்றுத் தோல், உள்ளே இன்னொரு மெல்லிய தோல், காற்றுப் போக மேலே குண்டூசித் தலை அளவு துளைகள், நாடா கிடையாது, வார் கிடையாது, காலை நுழைத்தால் போதும், பிள்ளை யார் உதவியும் இல்லாமல் தானே போட்டுக்கொள்ளும் என்று டப்பாவில் படம் போட்டிருப்பார்கள். டப்பாவின் பக்கத்தில் வயது அச்சடித்திருக்கும்: நாலு, ஆறு, எட்டு, பத்து. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் வெயில் காலத்தில் மணலில் விளையாடப் போகையில் போட்டுக்கொள்வதாம். எங்கள் பிள்ளைகளின் வெயில் காலம் வெறுங்காலோடு தார் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடுகிற வெயில் காலம். பதினாலு வருஷமாக அதைத் தைக்கிற நான் ஒரு ஜோடியைக்கூட ஊருக்குள் பார்த்ததில்லை. இந்த வருஷம் சாயம் ஒரு துளி மங்கல் என்று அங்கிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கம்பெனி மொத்தச் சரக்கையும் பஜாரில் தள்ளிவிட்டது, கலீல் பாய் வாங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கினார். மங்கல் எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சித்திரை பாதி தாண்டுவதற்குள் ஊரே வாங்கியது. ஐந்து வயதுக்கு எட்டு, நாலு வயதுக்கு எட்டு, மூன்று வயதுக்குப் பத்து. நானும் வாங்கினேன். ஆறு வயதிலிருந்த என் மகனுக்குப் பத்து வாங்கினேன், அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். அவன் வீட்டுக்குள் ஆறு வயதாகப் போட்டுக்கொண்டு, தெருக் குழாய் வரை போய், பத்து வயதாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். குடத்தை எடுத்து வரச் சொல்லலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

அது எல்லோருக்கும் தோன்றியது. பிள்ளைகள் தண்ணீர் பிடித்தார்கள், கேஸ் பற்றவைத்தார்கள், சோறு வடித்தார்கள், வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்கள். காலையில் எட்டரைக்குக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது எந்தப் பிள்ளையும் எந்த அம்மாவின் முந்தானையையும் பிடித்து இழுக்கவில்லை, பதினாலு வருஷத்தில் முதல் முறையாக நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினோம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரித்துக்கொண்டே ஏறினோம். கம்பெனியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கிற குரலே இல்லாமல் போயிற்று. சூப்பர்வைசர் எல்லோருக்கும் ஒரு லட்டு கொடுத்தார்.

ஊர் எதைத்தான் செரிக்காது. பஸ் கண்டக்டர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்து டிக்கெட் கிழித்தார். பின்னால் பள்ளிக்கூடம் திறந்தபோது பெரிய டீச்சர் வாசல் சிமெண்டில் சாக்பீஸால் நாலு பாதம் வரைந்து வைத்து, எந்தப் பாதத்தில் கால் பொருந்துகிறதோ அந்த வகுப்பு என்று சொல்லிவிட்டார். காது குத்தாமல் விட்டிருந்த பிள்ளைகளுக்கு அவசரமாகக் காது குத்தினார்கள், தாய்மாமன் மடியில் பத்து வயதுப் பையன் கால் தரையில் இழுபட உட்கார்ந்திருந்தான், வலித்ததும் மூன்று வயதுக் குரலில் அழுதான், பந்தியில் யாரும் தலை நிமிரவில்லை, பிரியாணி நன்றாக இருந்தது.

அந்தக் குரல்தான். உடம்பு போன வேகத்துக்கு உள்ளே இருந்தது போகவில்லை. பத்து வயதுப் பெண்ணொருத்தி தூக்கு தூக்கு என்று கையை நீட்டினாள், அவள் அம்மா தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லோகேஷ் ஒருநாள் பச்சையம்மாவிடம், "எம்மா, எனக்கு ஆறாவது பொறந்தநாளு எப்போ வரும்?" என்று கேட்டான். "அதான் எட்டு ஆயிடுச்சே, இன்னும் இன்னாடா ஆறு," என்று அவள் அவனைக் கடைக்கு அனுப்பினாள். ஒருத்தி மட்டும் மனசு கேட்காமல் ஒரு சின்ன ஜோடி வாங்கி வந்து மகன் காலை அதற்குள் திணித்துப் பார்த்தாள். குதிகாலில் ரத்தம் வந்தது, தோல் கிழிந்தது, வயது ஒரு நாள்கூடக் குறையவில்லை. கலீல் பாய் கடையில் பெரிய எழுத்தில் எழுதித்தான் தொங்கவிட்டிருந்தார்: போட்டதைத் திருப்பி எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டூப்ளிகேட் வந்து இறங்கியது. அதே டப்பா, அதே முத்திரை, உள்ளே மட்டும் பிளாஸ்டிக். அதைப் போட்ட பிள்ளைகள் வளரவில்லை, கால்தான் கொப்பளித்தது. "ஏமாத்திட்டான், எம் புள்ள அப்படியே கீறான்" என்று வயிற்றில் அடித்துக்கொண்டவர்களை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் எழிலரசியிடம் கொண்டுபோய்க் காட்ட ஆரம்பித்தார்கள்.

எழிலரசி எனக்கு அடுத்த மெஷின். அந்த ஷூவின் மேல்தோல் தையல் அவளுடையது, அங்குலத்துக்கு எட்டுத் தையல், எண்ணிக்கொள்ளலாம். முடிகிற இடத்தில் மற்றவர்கள் மூன்று தரம் பின்னால் ஓட்டி நூலை அறுப்பார்கள், அவள் இரண்டோடு அறுத்துவிடுவாள், அந்த இரண்டு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. யாராவது ஷூவைக் கொண்டுவந்தால் அவள் கவிழ்த்து, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டி, உதடு அசைய எண்ணி, "அசலுதான்" என்றோ "வாணாம், திருப்பிக் குடுத்துடு" என்றோ சொல்வாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "அசலுதான்" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இல்லாமல் போயிற்று, அது அவளுக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் ஒருநாள் மெஷினை நிறுத்தாமலே, "அக்கா, என் கையால தெச்சதுக்கா இது," என்றாள். என் மகன் அந்த நேரம் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒரே மகள், மகிழினி, நாலு வயது. புருஷன் தணிகைவேல் தோல் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போகிறவன், வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருப்பான். பச்சையம்மா அவனுடைய அக்காதான், அடுத்த வீடு. மகிழினியை எழிலரசி காலையில் அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேனுக்கு ஓடி வருவாள், சாயங்காலம் வரை நாத்தனார் பார்த்துக்கொள்வாள். சித்திரை முடிவதற்குள் அங்கன்வாடியில் மகிழினி ஒருத்திதான் மிச்சம். ஜெபமணி டீச்சர் முப்பது தட்டில் ஒரு தட்டை மட்டும் கழுவி வைத்துக்கொண்டு, முப்பது பேருக்குப் பாடுகிற பாட்டை ஒரு பிள்ளைக்குப் பாடி, முட்டை நாளில் ஒரு முட்டையை உரித்து அவள் கையில் கொடுப்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு மையம் எதற்கு என்று அந்த மாதக் கடைசியோடு மூடச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது.

"உனுக்கு மட்டும் இன்னாடி வீம்பு?" என்று பச்சையம்மா கேட்டாள். "பத்து ஒண்ணு வாங்கிப் போடு. அதுபாட்டுக்கு சமைக்கும், வீட்டப் பாத்துக்கும். நானும் எத்தினி நாளைக்கு இதும் பின்னால ஓடறது?"

"எனுக்கு நாலு வயசு புள்ளதான் அண்ணி வேணும்," என்றாள் எழிலரசி. "அஞ்சு வந்தா அஞ்சப் பாக்கறேன். ஆறு வந்தா ஆறப் பாக்கறேன். ஒண்ணு வுடாம பாக்கணும் எனுக்கு."

ஊர் இதைக் கேட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் வெயில் கத்திரி வெயில், ரோடு தார் ரோடு. வெறுங்காலோடு எத்தனை நாள் நடத்துவது? டூப்ளிகேட் ஆனால் பரவாயில்லை, வயதை ஒன்றும் செய்யாது என்று அவள் சந்தையில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டாள். இரண்டே நாளில் மகிழினியின் இரண்டு பாதமும் கொப்பளித்து நீர் கட்டி, மூன்றாம் நாள் காய்ச்சலும் வந்துவிட்டது. எழிலரசி நாலு நாள் லீவு போட்டாள். ஐந்தாம் நாள் வந்தபோது சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும், "ஊர்ல யாருக்கும் புள்ள இல்லையாம்மா? இன்னொரு லீவு கேட்டா கேட்டுக்கு வெளியவே நின்னுக்கோ," என்றார். அவள் வீட்டுக்குப் போய்ச் சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்து, "வேல பூட்டா இன்னா பண்ணுவேன், இவளுக்கு யாரு கீறாங்க" என்று அழுதிருக்கிறாள். பிள்ளை தூங்குகிறது என்று நினைத்திருக்கிறாள். நாலு வயதுப் பிள்ளைகள் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்பது நாலு வயதுப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கே தெரிவதில்லை.

மறுநாள் அவள் முடிவு செய்துவிட்டாள்: அசல் ஷூ வாங்குவது, ஆனால் அளவாக வாங்குவது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, மகிழினியை நிற்க வைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனி வரை பிடித்துக் கிள்ளினாள். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் அளவெடுப்போம், எடுத்தபின் ஒரு விரல் கூட்டிக் கிள்ளுவோம். அவள் கூட்டவில்லை. பிள்ளை கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்ததால் மூன்று தரம் அளந்தாள், மூன்று குச்சியும் ஒரே நீளம் இருந்தது. ஒன்றைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"நாலு வயசா?" என்று கலீல் பாய் தலையைச் சொறிந்தார். "எட்டும் பத்தும்தான் வெச்சிருக்கேன் தங்கச்சி. நாலு எடுத்து வந்தா இந்த ஊர்ல யார் வாங்குவா? எல்லாம் கம்பெனி குடோன்லயே கெடக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு போய்க் கொண்டாறேன்."

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. மகிழினி தினமும் விரல் மடக்கினாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நானும் அவளும் பஜாரிலேயே வேனை விட்டு இறங்கினோம். பாய் டப்பாவை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் நாலு என்று போட்டிருந்தது. எழிலரசி ஷூவைக் கவிழ்த்துத் தையலை எண்ணினாள், பிறகு முந்தானையிலிருந்து ஈர்க்குச்சியை எடுத்து உள்ளே படுக்க வைத்தாள். முனையைத் தொட்டது, குதிகாலைத் தொட்டது, வளையவில்லை, ஆடவில்லை.

"ஒரு விரக்கடையாவது விட்டு வாங்கும்மா," என்றார் பாய், பழக்கதோஷம்.

"வாணாம் பாய். எம் பொண்ணு இப்போ எம்மாம் கீறாளோ அம்மாம் போதும்."

அந்தக் கடையில் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன்னால் யாரும் பேசியதில்லை. எனக்கு என் மகனின் பழைய சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. வழியெல்லாம் அவள் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. சோறு அடிப்பிடித்த வாசனை தெரு வரை வந்தது. அடுப்புக்கு முன்னால், எழிலரசியின் ரவிக்கையும் உள்பாவாடையும் போட்டுக்கொண்டு, பத்து வயதுப் பெண் ஒருத்தி கரித்துணியால் பானையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஸ்டூல் போடாமலே அடுப்பு எட்டியது. காலில் புது ஷூ.

"எம்மா," என்றாள், பழைய குரலில். "சோறு வெச்சிட்டேம்மா. நீ இனிமே லீவு போட வாணாம். உன்ன யாரும் திட்ட மாட்டாங்க."

பச்சையம்மா பின்வாசலில் நின்றிருந்தாள். "நான் போட்டு வுடலடி. சத்தியமா. பத்து வாங்கியாந்து வாசல்ல வெச்சேன், நீ வந்தா எடுத்துச் சொல்லலாம்னு. அதுவே கால வுட்டுகிச்சி. நாடாவா வாரா, ஒருத்தர் கட்டிவுட?"

எழிலரசி தரையில் உட்கார்ந்தாள், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள், அந்தப் பெரிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் செய்ததுபோலவே ஷூவின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள், உதடு அசைய எண்ணினாள், முடிகிற இடத்துக்கு வந்து நின்றாள். இரண்டு தையல். நூல் அவிழவில்லை.

"அசலுதான்," என்றாள்.

நான் அந்த வீட்டில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

நாலு வயது ஜோடி இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஈர்க்குச்சி அதற்குள்ளேயே கிடக்கிறது. போடாத ஷூதானே, பாய் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்துவிட்டது, ஷூ மறுபடியும் கப்பலேறுகிறது. அங்கே அதைப் போட்ட பிள்ளைகளுக்கு எதுவும் ஆவதில்லை. கடையில் உட்கார வைத்துக் காலை அளந்து, அந்தக் காலுக்கு எதுவோ அதைத்தான் வாங்குவார்களாம். அடுத்த வருஷம் வேறு வாங்குவார்களாம்.

திங்கட்கிழமை காலையில் ஜெபமணி டீச்சர் ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு முட்டை நாள், மையத்துக்குக் கடைசி நாளும்கூட. "ரிஜிஸ்டர்ல இவ பேர இன்னும் அடிக்கல," என்று முட்டையை மகிழினி கையில் வைத்தார். உரித்துத் தர அவர் கை நீண்டது, பத்து வயதுப் பெண்ணைப் பார்த்துப் பின்வாங்கியது. மகிழினி தானே தட்டி உரித்தாள். ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது, மஞ்சள் உதிர்ந்தது, அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஐந்திலோ ஆறிலோ யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க வேண்டியது, அந்த வயதெல்லாம் அவளுக்கு வாசலிலேயே தீர்ந்துபோயிருந்தது. மிஞ்சியதில் பாதியை எடுத்து அம்மாவின் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினாள்.

எட்டரைக்கு வேன் ஹாரன் அடித்தது. எழிலரசி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் லீவு போடவில்லை.